மறுபதிப்புக்கு ஏழு

கஜரூபன்,
பெட்டி வந்து சேர்ந்தது. மூலை நசுங்கல்,
உள்ளே இரண்டும் சுகம்.
மாங்குளம் தபால்காரர் தட்டிப் பார்த்து
"கண்ணாடியோ பிள்ளை?" என்றார்.
மெற்றல் என்றேன்.
"தகரமோ?"

முதலில் உன் எண்பத்து நாலாம் ஆண்டு அச்சு.
உறையில் யாரோ நோர்வேக்காரன்
பேனையால் பெயர் எழுதி, பிறகு வெட்டியிருக்கிறான்.
மற்றது புதியது, நூற்றெண்பது கிராம்,
கையில் எடுத்தால் தோசைக்கல்.
பாரம் கூடினால் சத்தம் நல்லாயிருக்கும் என்று
உனக்கு யார் சொன்னது?

என்னைக் கேட்டதற்குக் காரணம் தெரியும்.
காலை ஆறரையிலிருந்து ஒரு மணி வரை
ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில், முழங்காலில்,
காதில் கருவியை மாட்டிக்கொண்டு
நான் கேட்பது உலோகம் மட்டும்தான்.
சோடா மூடி ஒரு மாதிரிக் கத்தும்.
துவக்குக் கோது கொஞ்சம் தடித்த குரல்.
ஆணி பொய் சொல்லும்.
மிதிவெடிக்குள் இருக்கிற அந்தத் துளி இரும்பு
நுளம்பு மூச்சு விட்டதுபோல ஒருக்கால் வரும்,
பிறகு, வந்ததோ என்று யோசிக்க வைக்கும்.
இந்தக் காதைத்தான் நீ இரவல் கேட்கிறாய்.

ஏழு மணிக்கு இங்கே மின்சாரம் தள்ளாடும்,
அதோடு தட்டும் தள்ளாடும்,
பாடகன் அரைச் சுருதி இறங்கி அழுவான்.
அதனால் பத்துக்குப் பிறகு போட்டேன்,
அரிசி ஆலை நின்ற பிறகு.

புதியதில் இரட்டை மிதி முரசு அருமை.
ஒவ்வொரு உதையும் தனித்தனி.
பழையதில் அது சேறு.
ஒத்துக்கொள்கிறேன், பழசு என்பதற்காகப்
பொய் சொல்ல மாட்டேன்.
பேஸ் கிற்றார்க்காரன் ஒருவன் இருந்தான் என்பதே
புதியதில்தான் எனக்குத் தெரிந்தது.
ஆனால் மற்றக் கிற்றார்கள் எல்லாம் ஒரே உயரம்,
பிரதேச சபை வெட்டிவிட்ட வேலிப் பூவரசுபோல.
மெல்லியதும் கத்துகிறது, கத்துவதும் கத்துகிறது.
பத்து நிமிடத்தில் பல் கூசியது.

பிறகு, இரண்டாம் பக்கம்,
மூன்றாம் பாட்டு தொடங்குவதற்கு முன்:
பழைய அச்சில் நாடா இரைகிறது,
இரைச்சலுக்குள் முரசுக்காரனின் முக்காலி
ஒருமுறை கிறீச்.
யாரோ மூக்கை உறிஞ்சுகிறான்.
குச்சி நாலு எண்ணுகிறது, அதற்குப் பிறகுதான் இடி.
புதியதில் அந்த இடம் வெறுமை.
முக்காலி இல்லை. தடிமன் பிடித்தவன் இல்லை.
வழித்துத் துடைத்த சட்டி.

ஊசியைத் தூக்கித் தூக்கி ஐந்து தரம் வைத்தேன்.
என் வேலையே துப்புரவாக்குவது, தெரியும்தானே.
முடித்த காணியில் நானே நடந்து காட்டித்தான்
ஆட்களிடம் கொடுப்போம்.
ஆனாலும் சத்தமே வராத மண்ணில்
முதலில் கருவியைத்தான் சந்தேகிப்பேன்.
பற்றரியைத் தட்டுவேன்,
சோதனைத் துண்டுக்குக் கிட்டப் பிடித்து
உயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன்.
நேற்று அப்படித்தான்
ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தேன்.

பக்கத்து அறை விமலேஸ்வரி கதவைத் தட்டி
"மெஷின் பழுதோ?" என்றாள்.
உள்ளே கூப்பிட்டு இரண்டையும் போட்டேன்.
அவளும் எங்கள் அணிதான், மூன்றாம் ஒழுங்கை.
பாட்டு அவளுக்குத் துண்டறப் பிடிக்கவில்லை.
ஆனால் முக்காலி கிறீச்சிட்டதும்
கையை உயர்த்தினாள், களத்தில் உயர்த்துவதுபோல.
நில். இங்கே ஒன்று இருக்கிறது.

பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தாய்.
முரசுக்காக ஏழரை போட நினைத்தேன்.
ஏழரை என்று எழுதக் கை வரவில்லை,
விடிந்தால் வேலை இருக்கிறது.
ஏழு என்று வை.
புதியதைத் திருப்பி அனுப்புகிறேன், வித்துவிடு.
பழையது என்னிடம் நிற்கட்டும்,
உனக்குத் தபால் செலவு பாதி மிச்சம்.

அடுத்த பெட்டியில் ஊசி ஒன்று வை.
இங்கத்தைப் புழுதி சிவப்பு,
எவ்வளவு துடைத்தாலும் தவாளிப்புக்குள் நிற்கும்.
அதுவரை
ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான்.